பிரபுவின் படத்துக்குப் போட்ட மாலை

சென்னை, ஆற்றங்கரை
4.10.2024

என் அக்கா பெற்ற தங்கம், திருப்பூரை ஆளும் மருமகள் பொன்மணிக்கு, உன் தாய்மாமன் முருகையன் ஆயிரம் ஆசியும் அதற்கு மேலும் அனுப்பி எழுதிக்கொண்டது.

நானும் அக்காவும் சுகம். உன் வயிற்றில் இருக்கிற சிங்கம் சுகமா?

என் போன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். “போனில் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் அதையே வேறு மாதிரி சொல்வார். எழுதிப் போடச் சொல், எழுதினது மாறாது” என்று அசோகன் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாயாம். எழுதுகிறேன், எனக்கென்ன. எட்டாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பார்த்த ஹெட்மாஸ்டர், “முருகையா, இது கையா அச்சு மிஷினா?” என்று கேட்டார். அந்த வருஷம் என்னைப் பெயிலாக்கியது வெறும் பொறாமை.

சேதி என்னவென்றால், உன் மாமன் கதாசிரியன் ஆகிவிட்டேன். வடபழனி டீக்கடையில் நின்றிருந்தேன். ஸ்ரீகிருஷ்ணா என்று அடையாறு பையன், டைரக்டர், பக்கத்தில் நின்றான். டிவிக்கு என்றே ஒரு பேய்ப்படம் எடுக்க வேண்டும், தியேட்டருக்குப் போகாது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பு, கதைதான் கிடைக்கவில்லை என்று யாரிடமோ புலம்பினான். நான் சொன்னேன்: “ஆத்தோட போன மகன் வூட்டுக்குத் திரும்பி வரான். வாசல்ல ஈரக் காலடி. அம்மா தெனமும் கதவைத் தெறந்து வெச்சிக்கினு குந்திகினு கீறா.” அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். கண்ணில் தண்ணீர். அங்கேயே என் காலில் விழப் போனான், நான்தான் தடுத்தேன்.

படப்பிடிப்பு வேறெங்கும் இல்லை, என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அக்கா வீட்டிலேயே!

ஆற்றங்கரையைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் ஒதுக்கிய பெரும்பாக்கம் வீட்டைப் பற்றிக் கேட்டனுப்பியிருந்தாய். சாவி வாங்க நவம்பர் முப்பது கடைசி என்று வாசலில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அக்கா அதைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். “நான் எட்டாவது மாடில போய் குந்திக்கினா எம்புள்ள வந்து யாரைக் கேப்பான்?” என்கிறாள். கதவுக்கு இன்னும் தாழ் போடுவதில்லை. நீ கவலைப்படாதே. மழை வந்தால் வரட்டும். காசிமேட்டில் குதித்து மெரினாவில் கரையேறியவன் உன் மாமன். அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு நீந்திவிடுவேன்.

உன் மாமன்,
முருகையன்
(கதை இலாகா)


திருப்பூர்
13.10.2024

மாமாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். ஏழாம் மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார், அதனால் என்னால் அங்கே வர முடியாது. வளைகாப்புக்கு அம்மா வரவில்லை. பிரசவத்துக்கும் வர மாட்டாளாம். “உங்கண்ணன் வந்து, பூட்டின வூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் பூட்டான்னா?” என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

ஒன்பது வருஷம் ஆகிறது மாமா. அந்த டிசம்பர் வெள்ளத்தில் அண்ணன் பிரபு அம்மாவையும் என்னையும் கார்ப்பரேஷன் ஸ்கூலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, “இதோ வரேம்மா” என்று போனான். பத்தொன்பது வயசு. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா அழுது அழுது, ஒரு மாதத்தில் கொஞ்சம் அடங்க ஆரம்பித்தாள். காரியம் செய்துவிடலாம் என்று அவள் வாயாலேயே சொன்னாள், எனக்கு நினைவிருக்கிறது. அப்போதுதான் பொங்கல் கழித்து நீங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தீர்கள். வடபழனி பஸ் டிப்போவில் பிரபுவைப் பார்த்தேன், நீலச் சட்டை, “அம்மாகிட்ட வரேன்னு சொல்லு மாமா” என்றான், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்றீர்கள்.

அடுத்த வருஷம் நீங்கள் பார்த்தபோது தாடி வைத்திருந்தான். அதற்கடுத்த வருஷம் ஓசூரில் லேத் பட்டறையில் வேலை. அம்மா ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை அந்த டிப்போ பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு வருகிறாள். உங்களுக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று பார்த்தீர்களா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். இல்லை என்றால் அதை அம்மாவிடமும் சொல்லுங்கள். பிரசவத்தில் எனக்கு அம்மா வேண்டும்.

பொன்மணி


சென்னை
27.10.2024

செல்ல மருமகள் பொன்மணிக்கு, கைவலியைப் பொருட்படுத்தாமல் மாமன் எழுதுவது.

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நான் என்ன கோர்ட்டுக் கூண்டிலா நிற்கிறேன்? அதை நேரில் பேசிக்கொள்வோம். முதலில் ஷூட்டிங் கேள்.

இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர், நாற்பது பேர். நான் எழுதும்போது நூறாகத்தான் வருகிறது, ஆனால் நாற்பது. டைரக்டர் என்னைக் கேட்காமல் ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்தவில்லை. வெள்ளக் காட்சியை எப்படி எடுப்பது என்று திணறினார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விடிகிற நேரம், மழை விட்டிருக்கிறது, மாமாவும் பையனும் மார்பளவு தண்ணீரில் வருகிறார்கள், பையன் மாமாவின் வலது கைக் கட்டைவிரலை மட்டும் பிடித்திருக்கிறான், “விடாத மாமா” என்று ஒரே தடவைதான் சொல்கிறான், கத்தவில்லை, அப்புறம் விரல் காலியாகிவிடுகிறது. முழுக்க என் கற்பனை. லைட்மேன்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நடுவில் ஒரு சங்கடம் வந்தது. செத்துப்போன மகனின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிற ஷாட். மகனாக நடிக்கிற பையனுக்குத் தை மாதம் கல்யாணம். “எம் படத்துக்கு மாலை போட்டீங்கன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வூட்லயே சேக்காது சார்” என்று ஒரே அடம். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யார் காப்பாற்றியது? அலமாரிமேல் நம் பிரபு படம் இருக்கிறதே, மயிலாப்பூர் ஸ்டுடியோவில் எடுத்தது, அதைத் துடைத்துக் கொடுத்தேன். சாம்பிராணிப் புகையில் முகம் அவ்வளவாகத் தெரியாது என்றார் டைரக்டர். தெற்கு மாடவீதியில் நானே சாமந்தி வாங்கி, நீல நூலில் நானே முடிச்சுப் போட்டேன்.

அக்காவுக்கு மாலை விஷயம் தெரியாது. “டிவியில பிரபு படத்தைக் காட்டப் போறாங்க, எந்த ஊர்ல இருந்தாலும் பாத்துட்டு ஓடி வந்துருவான்” என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். சந்தோஷத்தில் யூனிட் முழுக்க மீன் குழம்பு வைத்துப் போட்டாள். அந்த ஷாட் எடுக்கிற நாளில், டிப்போ பக்கம் பிரபு ஜாடையில் ஒருத்தன் சுற்றுகிறானாம் என்று சொல்லி அவளை வடபழனிக்கு அனுப்பிவைத்தேன். வேறு வழியில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவரையும், மாலை போட்ட படத்தில் இருப்பவரையும் ஷாட் முடிந்ததும் கேமரா முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொல்லி நாலு செகண்டு எடுப்பார்கள். கடைசியாகப் பதிவாவது சிரிப்பாக இருந்தால் தோஷம் ஒட்டாது. நான் முன்பு சீரியலில் முக்கிய பாத்திரம் செய்தேனே, அது பிணம்தான், இப்போது சொன்னால் என்ன. என்னையும் அப்படித்தான் சிரிக்கவைத்தார்கள்.

செட் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு ஷஃபியுல்லா பாய். அவர் வந்து, “இன்னா முருகையா, போட்டோல கீற புள்ளைய இட்டுக்கினு வா. சிரிக்க வெச்சு அனுப்பணும்” என்றார்.

“வெளியூர்ல கீறான் பாய்.”

“வீடியோ கால் போடு நைனா. போன்ல சிரிச்சாலும் போதும்.”

“டவர் கெடைக்கல பாய்.”

அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். “தாய்மாமன் நான், அவனுக்குப் பதிலா நான் சிரிக்கிறேன்” என்று போய் நின்றேன். சிரித்தேன். டைரக்டர் ‘கட்’ சொல்ல வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது.

நவம்பர் பதினேழு, ஞாயிறு, மூன்று மணி. மறக்காமல் பார்.

உன் மாமன்,
கதாசிரியர் முருகையன்


திருப்பூர்
5.11.2024

மாமா,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அசோகனிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன்.

செத்தானா இருக்கிறானா என்று தெரியாதவன் படத்துக்கு மாலை போடக் கூடாது என்றுதான் அம்மா ஒன்பது வருஷமாக அந்தப் படத்துக்கு ஒரு பூ வைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை. அதை நீங்கள் ஊருக்கே காட்டப் போகிறீர்கள். அவளையும் உட்காரவைத்து, நல்ல சேதி என்று சொல்லி.

இன்னொன்று. வெள்ளத்தன்று காலை வடபழனியில் ஷூட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், மத்தியானம்தான் வந்தேன் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தக் கட்டைவிரல் உங்களுக்கு எங்கே கிடைத்தது மாமா? உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் இட்டுக்கட்டினால் அது யானை மாதிரி இருக்கும். பையன் நூறு தடவை கத்தியிருப்பான், மாமா ஆற்றையே நிறுத்தியிருப்பார். ஒரு விரலும் ஒரு வார்த்தையும் உங்கள் கற்பனையில் வராது. இது சின்னதாக இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதினேழாம் தேதிக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பொன்மணி


சென்னை
13.11.2024

மருமகள் பொன்மணிக்கு, மாமன் ஆசி.

இந்தத் தடவை எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வலது கட்டைவிரல் பத்து நாளாக மரத்துக் கிடக்கிறது. அன்புக்கரசி அக்கா, நம் வரிசையில் கடைசி வீடு, தைலம் கொடுத்தாள். ஊசியால் குத்திப் பார்த்தேன், வலி இல்லை. பேனாவை நடுவிரலில் இடுக்கி எழுதுகிறேன்.

அக்காவிடம் இன்னும் பேசவில்லை. தினமும் போகிறேன். வாயைத் திறந்தால் வேறு கதை வந்துவிடுகிறது. நேற்றுகூட, டிவியில் வந்ததும் பிரபு பிளேனில் வருவான் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு சேதி, சிரிக்காமல் கேள். ஷூட்டிங் முடிந்ததும் அந்த மாலையை ஆற்றில் விட்டேன். மறுநாள் காலை நம் ஆற்றுப் படிக்கட்டில் கிடந்தது. கடல் ஏறினால் இங்கே ஆறு பின்னால் நடக்கும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மறுபடி விட்டேன், மறுபடி வந்தது. பிறகு பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டினப்பாக்கத்தில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள்ளேயே வீசினேன். பயந்து அல்ல, குப்பை சேரக் கூடாதே என்றுதான். இன்று காலை பல் தேய்க்க வெளியே வந்தேன். படிக்கட்டில் இல்லை. என் வாசற்படியில் கிடந்தது. பூவெல்லாம் உதிர்ந்து நூல் மட்டும். நீல நூல். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?

வாசலில் ஒரு ஈரக் கால். ஒன்றுதான், உள்ளே பார்த்த மாதிரி. தெருக்குழாய் ஒழுகுகிறது, யாராவது மிதித்துப் போயிருப்பார்கள். யூனிட் பையன்கள் விளையாட்டாகவும் இருக்கலாம். பேயே என்னைக் கண்டால் வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகும், நீ பயப்படாதே.

வீட்டுக்காரர் தாழ்ப்பாளை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாமன்,
முருகையன்


சென்னை
18.11.2024

பொன்மணிக்கு,

படம் வந்துவிட்டது. நீ பார்த்தாயோ இல்லையோ. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்புக்கரசி வீட்டில் பெரிய டிவி. அக்கா இரண்டு மணிக்கே போய் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். உன் கல்யாணத்துக்கு தி. நகரில் எடுத்தோமே, அந்த மாம்பழக் கலர் புடவை. பூ வைத்திருந்தாள். வரிசை முழுக்க வீடு வீடாகப் போய், “எம்புள்ள டிவில வரான், வந்து பாருங்க” என்று அழைத்திருந்தாள். இருபது பேர் இருப்பார்கள். எண்ணித்தான் எழுதுகிறேன், இருபது.

நான் பின்னால் கதவோரம் நின்றேன்.

படம் தொடங்கி அரைமணி நேரத்தில் அந்த ஷாட் வந்தது. புகை போட்டால் முகம் தெரியாது என்றார்கள். நன்றாகவே தெரிந்தது. மாலை, பொட்டு, விளக்கு. பிரபு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ரிமோட்டை எடுக்கப் போனார்கள். அக்கா, “நிறுத்தாத. ஓடட்டும்” என்றாள்.

கடைசிவரை பார்த்தாள். அழவில்லை. முடிவை டைரக்டர் மாற்றிவிட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. நான் சொன்ன கதையில் மகன் அம்மாவைத் தேடி வருவான். இதில் ஈரக் காலடி அம்மா வீட்டைத் தாண்டிப் போகிறது. மாமா வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அதோடு முடிந்துவிட்டது.

எல்லாரும் எழுந்து போன பிறகு அக்கா திரும்பாமலே கேட்டாள். “டேய் முருகா. அந்தக் கட்டவெரல் சமாச்சாரம் யாரு சொன்னது?”

“டைரக்டரு, அக்கா.”

“டைரக்டருக்கு எப்டித் தெரியும்? நடக்கக் கத்துக்கும்போது பிரபு கட்டவெரலத்தான் புடிப்பான். மத்த வெரலக் குடுத்தா தட்டிவுட்ருவான். அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?”

நான் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவள் தினமும் பிரபுவுக்கு என்று ஒரு தட்டில் சோறு எடுத்து வைப்பாள் அல்லவா. நேற்று அந்தத் தட்டை எனக்கு முன்னால் வைத்தாள். இன்று காலையும் வைத்தாள். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்து என் வலது கையையே பார்க்கிறாள்.

முருகையன்


திருப்பூர்
23.11.2024

மாமா,

எனக்குப் பதில் வந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் எழுத வேண்டும்.

அசோகன் இருபத்தொன்பதாம் தேதி அங்கே வருகிறார். புயல் வருகிறது என்கிறார்கள். அம்மாவை அழைத்துவர வேண்டும். வருவதும் வராததும் உங்கள் கையில் இருக்கிறது. நடந்ததை எழுதுங்கள். கூட்டாமல் எழுதுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எழுதியதை நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அசோகனிடம் கொடுத்தனுப்புங்கள்.

என் பிள்ளைக்கு அதன் மாமன் பிரபுவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதைச் சொல்வது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொன்மணி


சென்னை
29.11.2024

பொன்மணிக்கு,

நான் வடபழனியில் பிரபுவைப் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை. தாடியும் ஓசூரும் பொய்.

வெள்ளத்தன்று நான் வடபழனியில் இல்லை. இங்கே இருந்தேன். உங்களை ஸ்கூலில் விட்டுவிட்டு பிரபு பாலத்துக்கு வந்தான். அங்கே என்னைப் பார்த்தான். என் டிவி வீட்டிலேயே இருக்கிறது, எடுத்துவிடலாம் வா என்று நான்தான் கூப்பிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை சீரியலில் நான் பிணமாக வருகிற எபிசோடு. வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். டிவி போனால் எதில் பார்ப்பது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

அவன் தண்ணீரைப் பார்த்துவிட்டு, “வேணாம் மாமா, இழுப்பா கீது” என்றான். நான் சிரித்தேன். “காசிமேட்ல குதிச்சு மெரினாவுல ஏறினவன்டா நானு, என் கையப் புடிச்சிக்கோ” என்றேன். அந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பினான்.

டிவியைத் தோளில் வைத்து இடது கையால் பிடித்திருந்தேன். வலது கையை அவனுக்குக் கொடுத்தேன். கட்டைவிரலைப் பிடித்தான். பாதி வழியில் கால் தரையில் படவில்லை. நான் டிவியை விட்டிருக்கலாம். விடவில்லை. பயத்தில் வலது கையை உதறினேன், எதையாவது பிடித்துக்கொள்ள. கிடைத்தது கரண்ட் கம்பம். “விடாத மாமா” என்றான். ஒரே தடவை. திரும்பிப் பார்த்தபோது இல்லை.

அக்கா காரியம் செய்கிறேன் என்று சொன்ன நாளில், எல்லாரும் என்னைக் கேட்பார்கள் என்று பயந்தேன். அதனால் டிப்போவில் பார்த்தேன் என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

இதுவரை எழுதி, இன்று காலை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அசோகன் மாப்பிள்ளை வெளியே நின்றார். அக்கா முழுவதும் கேட்டாள். திட்டவில்லை. “இன்னொரு தபா படி” என்றாள். படித்தேன். “எழுதினத மாத்தாத” என்றாள்.

பிறகு எழுந்து போய்ச் சாமந்தி வாங்கி வந்தாள். அவளே கட்டினாள், அவளே பிரபு படத்துக்குப் போட்டாள். படத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். பெரும்பாக்கம் சாவிக்கும் கைநாட்டு வைத்தாகிவிட்டது. மத்தியான ரயிலுக்கு மாப்பிள்ளையோடு கிளம்புகிறாள். பிரசவத்துக்கு உன் பக்கத்தில் இருப்பாள்.

நானும் ஸ்டேஷன்வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் எம்பொண்ணுகிட்டப் போறேன். நீ இங்கயே குந்திகினு இரு. கதவத் தாழ் போடாத. அவன் வருவான். என்னைக் கேக்க வரமாட்டான். ஒன்ன கேக்க வருவான். நீ இருந்து பதில் சொல்லு.”

சரி என்றேன்.

அவர்கள் ஆட்டோ வந்துவிட்டது, சீக்கிரம் முடிக்கிறேன். வரிசையில் எல்லாரும் காலி செய்துவிட்டார்கள், அன்புக்கரசியும் போய்விட்டாள். மழை விடவில்லை. ஆறு இன்று பின்னால் நடக்கவில்லை, முன்னாலேயே வருகிறது. இரண்டாவது படி முங்கிவிட்டது. மாலை நூல் என் வாசலில் கிடக்கிறது, எடுக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது.

முருகையன்